வார்டு மக்கள்தொகை ரிப்போர்ட் காசு குடுத்து வாங்கினோம், அதப் பத்தி முழு ரிவ்யூ (வாங்கறதுக்கு முன்னாடி படிச்சுருங்க)

ரேட்டிங் மொதல்லயே சொல்லிடறேன், 5க்கு 2. அந்த ரெண்டும் எதுக்கு, மீதி மூணு எங்க போச்சுன்னு கடைசி வரைக்கும் படிச்சா புரியும். கம்பெனி பேரு போடல, ஏன்னா இவங்க ஒருத்தர் மட்டும் இப்படிப் பண்றாங்கன்னு எனக்குத் தோணல, இந்த மாதிரி ரிப்போர்ட் விக்கறவங்க நெறைய பேரு இருக்காங்க, யாருகிட்ட வாங்கினாலும் நீங்க கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்.

நாங்க திருப்பூருங்க. பனியன் கம்பெனில செக்கிங், டெய்லரிங்னு பல வருசம் வேல பாத்த பொம்பளைங்க நாலஞ்சு பேரு சேந்து, வேலைக்குப் போற அம்மாங்களோட குழந்தைகளப் பாத்துக்கற ஒரு காப்பகம் ஆரம்பிக்கலாம்னு முடிவு பண்ணோம். ஒரு டிரஸ்ட்ல உதவி பண்றோம்னு சொன்னாங்க, ஆனா அவங்க கேட்ட மொத கேள்வியே "உங்க ஏரியால எத்தன பேரு இருக்காங்க, அதுல ஆறு வயசுக்குள்ள குழந்தைங்க எத்தன, எந்தப் பக்கம் அதிகம்"னுதான். நியாயமான கேள்வி, எடத்த வாடகைக்குப் புடிச்சு அட்வான்ஸ் குடுத்த பொறகு குழந்தைங்க எல்லாம் வேற மூலைல இருந்தா என்ன பண்றது. ஆனா பதில் எங்க போயித் தேடறது? கடைசியா சென்சஸ் எடுத்தது 2011ல. 2021ல வர வேண்டியது கொரோனால தள்ளிப் போயி தள்ளிப் போயி, இப்பதான் 2027 மார்ச் 1ம் தேதிய வெச்சு எடுக்கப் போறதா 2025 ஜூன்ல அறிவிப்பு வந்துச்சு. 1881லருந்து பத்து வருசத்துக்கு ஒருக்கா தவறாம நடந்துட்டு இருந்தது, 1941ல உலகப் போர் நடக்கறப்பக் கூட எடுத்தாங்க, இந்தத் தடவதான் மொத மொதலா இவ்வளவு பெரிய ஓட்ட. திருப்பூர் மாதிரி ஊருக்குப் பதினாலு வருசம்ங்கறது சாதாரண இடைவெளி இல்லைங்க. நான் வேலைக்குச் சேந்தப்ப சோளக்காடா இருந்த எடத்துல இப்ப லைன் வீடு (ஒரே கூரைக்குக் கீழ வரிசையா ஒத்த ரூம் வாடக வீடுங்க) மேல லைன் வீடு.

அப்பத்தான் இந்தக் கம்பெனி விளம்பரம் கண்ணுல பட்டுச்சு. வார்டு வாரியா இன்னைய தேதிக்கு மக்கள்தொகை, வயசு வாரியா, மேப்போட, அஞ்சு நாள்ல டெலிவரி. கட புதுசா போடறவங்க, ஸ்கூல் ஆரம்பிக்கறவங்க, கிளினிக் வெக்கறவங்க எல்லாம் வாங்கறாங்களாம். மூணு வார்டுக்கு 18,000 ரூபா, ஜிஎஸ்டி தனி. எங்களுக்கு அது பெரிய காசு. ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டினோம்.

நல்லதச் சொல்லிடறேன். சொன்ன தேதிக்குக் கரெக்டா வந்துச்சு, பிடிஎஃப் ஒண்ணு, பிரிண்ட் போட்ட புக்கு ஒண்ணு, 28 பக்கம், மேப்பெல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. போன எடுத்தவரு தன்மையாப் பேசினாரு, தமிழ்லயே வெளக்கினாரு. இதுக்குத்தான் அந்த ரெண்டு மார்க்கு.

உள்ள எங்க வார்டுக்குப் போட்டிருந்தது 5,047 பேர். ஆறு வயசு வரைக்கும் குழந்தைங்க 520. பக்கத்து வார்டுல 8,422, அதுக்கு அடுத்ததுல 6,505. கடைசி ஒத்த எண் வரைக்கும் போட்டிருந்ததால நாங்களும் யாரோ வந்து தெருத் தெருவா எண்ணிட்டுப் போயிருக்காங்கன்னே நெனச்சோம், அதுல ஒரு அக்கா "நம்ம வீட்டுக்கு யாரும் வரலியே"ன்னு சொன்னப்பக் கூட நாம வேலைக்குப் போனப்ப வந்திருப்பாங்கன்னு விட்டுட்டோம்.

எங்கண்ணன் பையன் சிவில் எஞ்சினீயரிங் படிக்கறான். லீவுக்கு வந்தவன் புக்கப் பொரட்டிப் பாத்துட்டு, சென்சஸ் வெப்சைட்ல 2011 வார்டு கணக்கு எக்ஸெல்லா இலவசமாவே கெடக்குது அத்தைன்னு சொல்லி எறக்கினான். மூணு வார்டுக்கும் 2011 எண் 4,120, 6,875, 5,310. கால்குலேட்டர்ல புது எண்ண பழைய எண்ணால வகுத்தான். மொத வார்டு 1.225. ரெண்டாவது 1.225. மூணாவதும் 1.225.

"அத்தை, இது எங்க பாடத்துலயே இருக்கு, எக்ஸாம்ல வருசா வருசம் கேப்பாங்க, ஜியோமெட்ரிக் இன்க்ரீஸ் மெத்தட்"னு சொன்னான். தண்ணித் தொட்டி, பைப் லைன் டிசைன் பண்றதுக்கு முன்னாடி முப்பது வருசம் கழிச்சு எத்தன பேரு இருப்பாங்கன்னு கணக்குப் போடணும் இல்லைங்களா, ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு வெச்சுப் பெருக்கறதுக்கு, அதுக்கு இந்த மாதிரி மூணு நாலு முறை சொல்லிக் குடுக்கறாங்க. போன ரெண்டு சென்சஸுக்கு நடுவுல எவ்வளவு வளந்துச்சோ அதே வேகத்துல இனியும் வளரும்னு வெச்சுக்கறது. 2001க்கும் 2011க்கும் நடுவுல தமிழ்நாடு வளந்தது 15.6 சதவீதம். அந்த வேகத்துல பதினாலு வருசம் வளந்தா எவ்வளவு வரும்னு போட்டுக் காட்டினான், 1.225. அப்பிடியே பொருந்துச்சு. அதாவது மாநிலத்தோட பழைய வளர்ச்சி வேகத்த எடுத்து, எங்க வார்டு, கோயில் வீதி வார்டு, காலேஜ் பக்கத்து வார்டு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பெருக்கி வித்திருக்காங்க.

எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல. காசு போனது ஒரு பக்கம், இந்த எண்ண நம்பி எடம் புடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்ங்கறதுதான் பெரிய கவல.

இதுல என்ன தப்புன்னு வெளக்கமாச் சொல்றேன், ஏன்னா பாக்கறதுக்கு நியாயமான கணக்கு மாதிரியே இருக்கும். மொத விஷயம், தமிழ்நாடே இப்ப அந்த வேகத்துல வளரல. மத்திய அரசு போட்ட நிபுணர் குழு 2020ல வெளியிட்ட 2011லருந்து 2036 வரைக்குமான மக்கள்தொகை கணிப்புல, 2011ல 7.21 கோடியா இருந்த தமிழ்நாடு 2021ல 7.64 கோடி ஆகும்னுதான் போட்டிருக்காங்க, அதாவது பத்து வருசத்துக்கு ஆறு சதவீதம் கிட்டத்தான். பொறப்பு எறப்ப சில எடத்த மட்டும் மாதிரியா எடுத்துப் பதிவு பண்ற மத்திய அரசோட 2020 மாதிரிப் பதிவுக் கணக்குப்படி தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரி 1.4 கொழந்த. அந்தக் கணிப்பு தெளிவான வேல, எதை வெச்சு எப்படிப் பண்ணோம்னு வரிக்கு வரி எழுதியிருக்காங்க, ஆனா அது ஸ்டேட் லெவலோட நின்னுடும், வார்டுக்கெல்லாம் வராது. இன்னொரு பக்கம், திருப்பூர் மாவட்டம் 2001லருந்து 2011க்குள்ள சுமார் 29 சதவீதம் வளந்த ஊரு. ஆக மாநிலத்துக்கு 15.6ங்கறது இன்னைக்கு ரொம்ப அதிகம், எங்க லைன் வீட்டுப் பக்கத்துக்கு ரொம்பக் கம்மி, கோயில் வீதிக்கு சுத்தமாப் பொருந்தாது. அந்த வீதில பெரிய பெரிய வீடா இருக்கும், உள்ள வயசானவங்க ரெண்டு பேரு, புள்ளைங்க பெங்களூர்லயோ வெளிநாட்டுலயோ இருப்பாங்க, நாலு வீட்டுக்கு ஒண்ணு பூட்டியே கெடக்கும். அங்க 22 சதவீதம் ஆளுங்க கூடியிருக்காங்கன்னு ரிப்போர்ட் சொல்லுது.

ரெண்டாவது, வார்டு எல்லை. இது எங்களுக்கே அப்புறந்தான் ஒறச்சுது. 2011 சென்சஸ்ல திருப்பூர் மாநகராட்சின்னு தேடினா ஒரு எடத்துல சுமார் 4.44 லட்சம்னு இருக்கும், இன்னொரு எடத்துல சுமார் 8.77 லட்சம்னு இருக்கும், ரெண்டும் சரிதான், எப்படின்னா சென்சஸ் எடுக்கறதுக்கு முன்னாடியே எல்லைய உறைய வெச்சுருவாங்க, அந்த எல்லைக்கு ஒரு எண், பொறகு வேலம்பாளையம், நல்லூர் நகராட்சியும் சுத்தி இருந்த ஊராட்சிகளும் சேந்த பெரிய எல்லைக்கு இன்னொரு எண். அதுக்கும் பொறகு தமிழ்நாடு முழுக்க வார்டுகள மறுபடி பிரிச்சுத்தான் 2022 பிப்ரவரி நகர்ப்புறத் தேர்தல் நடந்துச்சு. எங்க ரிப்போர்ட்ல மேப் புது வார்டு, எண் பழைய வார்டு! வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கற லைன் வீடுங்க மேப்புக்குள்ள வருது, ஆனா கணக்குக்குள்ள வரவே இல்ல. இத நாங்க போன்ல கேட்டப்ப "அது எங்க ப்ரொப்ரைட்டரி மாடல் மேடம், ஃபார்முலா ஷேர் பண்ண மாட்டோம்"னு சொன்னாரு. 1.225ன்னு நானே சொன்னேன். ஒரு நிமிசம் பேச்சே இல்ல, அப்புறம் அடுத்த ஆர்டருக்கு பத்து பர்சென்ட் கழிவு தர்றோம்னாரு. பணம் திரும்ப வரல.

சரி, அதோட விட்டுட முடியுமா, காப்பகத்துக்கு எண் வேணுமே. அண்ணன் பையன் "இருக்கற இலவச டேட்டாவ மொதல்ல பாப்போம்"னு ஒக்காந்தான். இதெல்லாம் நாங்க யூஸ் பண்ணதால அதையும் சேத்தே சொல்லிடறேன், யாருக்காவது ஒதவும்.

வேர்ல்ட்பாப்னு ஒண்ணு இருக்கு, இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன் யூனிவர்சிட்டில பண்றாங்க. உலகம் பூரா சுமார் 100 மீட்டருக்கு 100 மீட்டர் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தன பேருன்னு ஒரு மதிப்பீடு. இலவசம். கியூஜிஐஎஸ்ங்கற இலவச மேப் சாஃப்ட்வேர்ல தொறந்து, நம்ம ஏரியாவச் சுத்திக் கோடு போட்டா உள்ள இருக்கற கட்டத்தயெல்லாம் கூட்டிக் குடுத்துடும். சென்சஸ் மொத்தத்த எடுத்துக்கிட்டு, ராத்திரி வெளிச்சம், ரோடு, கட்டடம், நெலம் எப்படி இருக்குன்னு சேட்டலைட்ல பாத்து, எங்க ஆள் இருக்க வாய்ப்பு அதிகமோ அங்க அதிகமாப் பரப்பறாங்க. ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு எல்லா நெலத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் பரப்பறது, இன்னொண்ணு கட்டடம் இருக்கற கட்டத்துல மட்டும் போடறது. ஊருக்குள்ள பாக்கறவங்க ரெண்டாவத எடுத்துக்கங்க, இல்லைன்னா கொளத்துக்குப் பக்கத்துப் பொட்டல்லயும் ஆள் இருக்கற மாதிரி காட்டும். எனக்கு இதுல புடிச்சது, எப்படிப் பண்ணோம், எதுக்கு ஒதவும், எதுக்கு ஒதவாதுன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. ஒரு தாலுகா, ஒரு மாவட்டம்னா நல்லா ஒதவும். ஒரு தெருவுக்கு இத நம்பக் கூடாது, அது குறை இல்ல, செய்முறையே அப்படி, மொத்தம் எங்கிருந்து வருதோ அந்தக் கணக்கு பழசா இருந்தா இதுவும் பழச ஒட்டித்தான் வரும்.

அடுத்தது கூகுள் ஓப்பன் பில்டிங்ஸ். சேட்டலைட் படத்துல ஒவ்வொரு கட்டடத்தையும் சுத்திக் கோடு போட்டு வெச்சிருக்காங்க, ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்கு ஆசியா, லத்தீன் அமெரிக்கா எல்லாம் சேத்து 180 கோடி கட்டடம். எங்க ஏரியாவத் தொறந்து பாத்தப்ப எனக்கு நெஜமாவே கண்ணு கலங்குச்சு, நான் இருந்த லைன் வீடு கூட அதுல தெரிஞ்சுது, நீளமா ஒரு செவ்வகம். ஆனா அங்கதான் விஷயமே இருக்கு. மேல இருந்து பாத்தா ஒரே தகரக் கூரை, அது ஒரு கட்டடம்னு ஒரு கோடு. உள்ள எட்டு ரூம் இருக்கலாம், இருவது ரூம் இருக்கலாம். அதே அளவு கூரை பக்கத்துல இருக்கும், அது பீஸ் துணி போட்டு வெக்கற குடோன், ராத்திரி வாட்ச்மேன் ஒருத்தர்தான். கூரைய எண்ணி ஆளச் சொல்ல முடியாதுங்க, கீழ எறங்கித்தான் ஆகணும்.

அதுக்கும் ஒரு வழி ஏற்கனவே உலகத்துல இருக்குன்னு அவன்தான் படிச்சுச் சொன்னான். நைஜீரியால கடைசி சென்சஸ் 2006ல. போலியோ சொட்டு மருந்து எத்தன குழந்தைக்குக் கொண்டு போகணும்னு தெரியாம ரொம்பக் கஷ்டப்பட்டிருக்காங்க. அதுக்காக எல்லா ஊரையும் எண்ணாம, வேற வேற மாதிரி குடியிருப்புல இருந்து சின்னச் சின்ன துண்டு எடுத்து, அதுக்குள்ள மட்டும் ஒரு ஆள் விடாம எண்ணி, அந்தக் கணக்க சேட்டலைட்ல தெரியற கட்டடத்தோட பொருத்தி, மீதி எடத்துக்கு மதிப்பிட்டிருக்காங்க. அமெரிக்காலயும் வருசா வருசம் ஊர் ஊருக்கு எண் வெளியிடறாங்க, மாவட்டத்துக்குப் பொறப்பு, எறப்பு, வந்தவங்க போனவங்க கணக்கு வெச்சு, அத உள்ள ஊர்களுக்குப் பிரிக்கறப்ப எத்தன வீடு, அதுல எத்தன வீட்டுல ஆள் இருக்கு, வீட்டுக்கு எத்தன பேருன்னு பெருக்கிப் பாத்துப் பிரிக்கறாங்க. எங்க ஊரு எண் தப்புன்னு தோணினா அந்த ஊர் நிர்வாகம் ஆதாரத்தோட ஆட்சேபிக்கலாம், அதுக்குன்னே ஒரு ஏற்பாடு இருக்கு. அதப் படிச்சப்ப எனக்கு ஏக்கமா இருந்துச்சு. நம்ம ஊர்ல பட்டணத்துக்கு 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், நூத்துக்கணக்குல ஆள வெச்சு ஒரு அங்கன்வாடின்னு எல்லாமே தலைக்கணக்குலதான் ஓடுது, அந்தத் தலைக்கணக்கு பதினாலு வருசம் பழசுன்னா புதுசா மொளச்ச லைன் வீட்டுக்காரங்களுக்கு எதுவுமே வந்து சேராது. ரேஷன்லயும் அதேதான், உணவுப் பாதுகாப்புச் சட்டத்துல வர்ற 81 கோடிச் சொச்சம் பேருங்கற கணக்கு 2011 சென்சஸ வெச்சுப் போட்டது, அதனால நாடு முழுக்க 10 கோடிக்கு மேல பேரு விட்டுப் போயிருக்காங்கன்னு பொருளாதார அறிஞருங்க ஜீன் டிரீஸும் ரீத்திகா கேராவும் 2020லயே சொன்னாங்க.

நாங்க பண்ணது இதுதான். அந்த மேப்ப பிரிண்ட் போட்டுக்கிட்டு மூணு சாயங்காலம் நடந்து, எது லைன் வீடு, எது குடோன், எது கம்பெனி, எது தனி வீடுன்னு கலர் பென்சில்ல குறிச்சோம். லைன் வீட்டயே மூணு வகையாப் பிரிச்சோம், குடும்பங்க இருக்கற லைன், பசங்க மட்டும் இருக்கற லைன், கம்பெனியே எடுத்து வெச்சிருக்கற ஹாஸ்டல். மொத்தம் 61 லைன் வந்துச்சு. அதுல ஒம்பது லைன சீட்டுப் போட்டு எடுத்து, அத மட்டும் முழுசா எண்ணினோம்.

ஞாயித்துக்கெழம காலைல போனோம். திருப்பூர்ல சனிக்கெழம சம்பளம், ஞாயிறு லீவு, பத்து மணிக்கு மேல எல்லாரும் சந்தைக்குப் போயிருவாங்க, அதனால எட்டுலருந்து பத்துக்குள்ள முடிக்கணும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு லைன், ரெண்டு வரிசையா எதுரெதுரா பதினாறு ரூம், நடுவுல ஒரு ஆள் நடக்கற அளவு சந்து, கடைசில தண்ணிக் குழா, நாலு கக்கூஸ். ஈபி சர்வீஸ் ஒண்ணுதான், உள்ள பதினாறு சப் மீட்டர். அதாவது கரண்ட் கனெக்சன வெச்சு வீட்டக் கணக்குப் போட்டா இந்தப் பதினாறு குடும்பமும் ஒரு வீடு. ரேஷன் கார்டு பாதிப் பேருக்கு சொந்த ஊர்ல, தேனிலயோ ஒடிசாலயோ பீகார்லயோ இருக்கும். ஓட்டர் லிஸ்ட்லயும் இங்க இருக்க மாட்டாங்க. ஆக நம்ம ஊர்ல ஆபீஸ்ல கெடைக்கற எந்த லிஸ்ட எடுத்தாலும் இந்த லைன் காலியா இருக்கற மாதிரிதான் தெரியும்.

ஓனரம்மா வாசல்லயே ஒக்காந்திருந்தாங்க. "ரூமுக்கு நாலு பேரு கண்ணு, அதுக்கு மேல நாங்க விடறதில்ல"ன்னாங்க. நாங்க ஒவ்வொரு கதவாத் தட்டினோம். ரெண்டாவது ரூம்ல ஒரு பையன் மட்டும் எழுந்து வந்தான், எத்தன பேருன்னு கேட்டா நாலுன்னான், வாசல்ல ஏழு ஜோடி செருப்பு. என்கூட வந்த அக்கா இந்தி கொஞ்சம் பேசுவாங்க, "தம்பி, நாங்க வாடக வாங்க வரல, கொழந்தைங்களுக்கு எடம் பாக்கறோம்"னு சொன்ன பொறகு சிரிச்சுக்கிட்டு ஆறுன்னான், ரெண்டு பேரு நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்கறாங்க, அவங்க எழுந்த பொறகு அதே பாய்ல மத்தவங்க படுப்பாங்க. ஆளுக்கு இவ்வளவுன்னு தண்ணிக்குக் காசு வாங்கறதால யாரும் முழு எண்ணச் சொல்றதில்லைன்னு அப்புறம் தெரிஞ்சுது. பதினோரு ரூம்ல குடும்பங்க, 38 பேரு. அஞ்சு ரூம்ல பசங்க, 27 பேரு. மொத்தம் 65. நாலாவது ரூம்ல ஒரு ஒடிசாப் பொண்ணு, கைல ஆறு மாசக் கொழந்த, காலுக்குக் கீழ ரெண்டு வயசுல இன்னொண்ணு. வேலைக்குப் போறப்ப என்ன பண்றீங்கன்னு கேட்டோம். எதுர் ரூம் பாட்டியக் காட்டினா. அந்தப் பாட்டிக்குக் கண்ணு சரியாத் தெரியாது.

இன்னொரு விஷயம், எப்ப எண்ணறோம்ங்கறது. நாங்க மொத தடவ எண்ணினது செப்டம்பர் 2025ல. விட்டுப் போனதச் சரிபாக்கலாம்னு அதே லைனுக்கு நவம்பர் ஆரம்பத்துல போனா பாதி ரூம் பூட்டு. அக்டோபர் 20 தீபாவளிக்கு தெக்கத்திக்காரங்க ஊருக்குப் போயி வந்துட்டாங்க, ஆனா பீகார்க்காரங்க சட் பூஜைக்குப் போனவங்க அப்பிடியே நவம்பர் 6ம் 11ம் தேர்தலுக்கும் இருந்து ஓட்டுப் போட்டுட்டு வர்றோம்னு இருந்துட்டாங்க. அப்ப அந்த லைனோட மக்கள்தொகை 65ஆ, 40ஆ? சென்சஸ்ல இதுக்கு ஒரு வழி வெச்சிருக்காங்க, வழக்கமா அந்த வீட்டுல தங்கறவங்க, பிப்ரவரில எண்ணற அந்த மூணு வாரத்துல எப்பவாவது அங்க இருந்தா அங்கயே சேத்துக்குவாங்க. நாங்களும் ஒரு வாரம் லீவுல போனவங்கள சேத்துக்கிட்டோம், ரூம காலி பண்ணினவங்கள விட்டுட்டோம். எதைச் சேத்தோம் எதை விட்டோம்னு நோட்டுல மொத பக்கத்துலயே எழுதி வெச்சோம். அந்த ரிப்போர்ட்ல 28 பக்கத்துல எங்கயும் இப்படி ஒரு வரி கெடையாது.

ஒம்பது லைன் கணக்க வகை வாரியா சராசரி எடுத்து 61க்கும் பரப்பி, தனி வீடுகளுக்கு நாலு தெருவ முழுசா எண்ணி அதயும் சேத்தப்ப எங்க வார்டுக்கு வந்தது 7,200லருந்து 8,600க்குள்ள. ஒரே எண்ணாச் சொல்லுங்கன்னு டிரஸ்ட்ல கேட்டாங்க, சொல்ல மாட்டோம்னுட்டோம், ஏன்னா ஒம்பது லைன்ல ஒண்ணு மாறினாலே மொத்தம் அவ்வளவு தூரம் ஆடுது, அதுதான் உண்மை. கம்பெனி குடுத்தது 5,047.

ஆனா கொழந்தைங்க எண்ணிக்க? எங்களுக்கு வந்தது 500லருந்து 580. அவங்க ரிப்போர்ட்ல 520. இதப் பாத்துட்டு எங்க கூட்டத்துலயே ஒருத்தங்க "அப்ப அவங்க சொன்னது சரிதானே, நாமதான் திட்டிட்டோமா"ன்னு கேட்டாங்க. இல்லைங்க. தமிழ்நாடு 2011 சராசரி, நூத்துக்கு 10.3 பேரு ஆறு வயசு வரைக்கும், அதயே 5,047ல போட்டு 520ன்னு எடுத்திருக்காங்க. எங்க ஏரியால பசங்க மட்டும் இருக்கற ரூம் அவ்வளவு அதிகம், அதனால மொத்தத்துல குழந்தைங்க பங்கு ரொம்பக் கம்மி, நூத்துக்கு ஏழு கூட வராது. ஆள் எண்ணிக்க மூணுல ஒரு பங்கு கிட்ட கொறஞ்சு போச்சு, குழந்தைங்க பங்கு ஒண்ணரை மடங்கு கிட்ட ஆயிடுச்சு, ரெண்டு தப்பும் ஒண்ண ஒண்ணு கழிச்சுக்கிட்டு நல்ல எண் மாதிரி வந்து நின்னுடுச்சு. இதுதான் இந்த மாதிரி ரிப்போர்ட்ல ரொம்ப ஆபத்து, எங்கயாவது ஒரு எண் பொருந்தினா மீதிய நம்பிடுவோம். பொருந்தாதது எங்கன்னு பாத்தா அதுதான் எங்களுக்கு வேணுங்கற விஷயம்: கொழந்தைங்க எங்க இருக்காங்க. அவங்க மேப்ல கோயில் வீதிப் பக்கம்தான் அடர்த்தியாப் போட்டிருந்துச்சு. எங்க கணக்குல ஐந்துல நாலு பங்கு கொழந்தைங்க வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடும்ப லைன்ல. அதுவும் சென்சஸ்ல 0-6னா ஏழு வயசு நெறையாத எல்லாக் கொழந்தையும் வரும், எழுத்தறிவ ஏழு வயசுலருந்து கணக்குப் பண்றதால அப்படி வெட்டறாங்க, காப்பகத்துக்கு எங்களுக்கு வேணுங்கறது மூணு வயசுக்குக் கீழ. அதத் தனியா எண்ணாம எந்த ரிப்போர்ட்லயும் எடுக்க முடியாது. அங்கன்வாடி டீச்சரும் அந்தப் பக்கத்து நர்சம்மாவும் தங்களோட பதிவ வெச்சு சரிபாத்துக் குடுத்தாங்க, அவங்க வீடு வீடாப் போறவங்க, எங்க கணக்குல விட்டுப் போன ரெண்டு லைன அவங்கதான் காட்டினாங்க.

ஆக, காசு குடுத்து வாங்கறவங்க கேக்க வேண்டிய கேள்வின்னு மேல சொன்னேனே, அது இதுதான்: இந்த எண்ண எதுலருந்து எடுத்தீங்க, எதால பெருக்கினீங்க, எழுத்துல குடுங்க. குடுத்தா வாங்குங்க. ரகசியம்னு சொன்னா வேண்டாம். அதுக்கு முன்னாடியே 2011 வார்டு எண்ண இலவசமா எறக்கி ஒரு தடவ வகுத்துப் பாருங்க, மூணு நாலு வார்டுக்கு ஒரே விடை வந்தா காச வீட்டுலயே வெச்சுக்கங்க. ஊர் வளர்ச்சி இல்லாத, வெளியாளு வராத, வீடு அப்பிடியே இருக்கற எடமா இருந்தா இந்தப் பெருக்கல் கணக்கு ஓரளவு ஓடும், அதயும் நியாயமாச் சொல்லணும். திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் மாதிரி எடத்துக்கு சுத்தமா ஆகாது.

எங்களுக்கு ஆன செலவு பிரிண்டுக்கும் டீக்கும் சேத்து ஆயிரத்துக்குள்ள, அப்புறம் நாலு ஞாயித்துக்கெழம. காப்பகம் பொங்கல் முடிஞ்சு ஆரம்பிச்சாச்சு, அந்தப் பதினாறு ரூம் லைனுக்கு நேர் எதுர்ல. எட்டரைக்கு ஷிஃப்ட், அதனால எட்டு மணிக்கே கதவத் தொறந்துடறோம். இப்போதைக்கு 23 கொழந்தைங்க. நாலாவது ரூம் பொண்ணோட ரெண்டும் வருது, சின்னது இப்ப தவழுது.